கம்பும் கட்டுப்பாடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்த விழாவில் இசையுண்டு, நாடகமுண்டு, நாவன்மை மிக்கோர் நிகழ்த்தும் பட்டிமண்டபமுண்டு. இவற்றுக்கிடையே கம்பைப் பற்றிப் பேசவும் சிறிது நேரம் ஒதுக்கிய செயற்குழுவினர்க்கு நன்றி கூறுகின்றோம். நம் காலனிக்குப் பின்னுள்ள திடலில் மாலை வேளைகளில் சிலம்பம் பழக்கிவரும் சிறு குழுவினர் நாங்கள். எங்களுள் ஒருவர் தென்னந்தோப்பில் வேலை செய்பவர், ஒருவர் பள்ளியாசிரியர், ஒருவர் பேருந்து நடத்துநராய் இருந்து ஓய்வு பெற்றவர். மேடைப் பேச்சு எங்களுக்குப் பழக்கமன்று. ஆதலின் சொல்லில் குறையிருப்பின் பொறுத்து, பொருளை மட்டும் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

பொருள் இதுதான்: அந்தத் திடலில் பயிற்சி தொடர்வதா, நிற்பதா? சங்கம் விரைவில் முடிவு செய்யவிருக்கிறது. முடிவு எதுவாயினும், நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுவது எங்கள் கடமை.

சென்ற ஆண்டு மழை ஓய்ந்த ஒரு மாலை. பெரியவர்கள் ஒரு புறமும் பிள்ளைகள் மறுபுறமுமாகப் பழகிக்கொண்டிருந்தனர். திடலோ சிறியது. வளர்ந்தவர் ஒருவர் சுழற்றிய கம்பின் நுனி, சட்டெனத் திரும்பி ஓடிய ஒன்பது வயதுச் சிறுவனின் புருவத்தில் பட்டது. நான்கு தையல்கள். கண்ணுக்குச் சேதமில்லை என்று மருத்துவர் சொல்லும் வரை அந்தத் தாய் நின்ற நிலையை நாங்கள் இன்றளவும் மறக்கவில்லை. பயிற்சி நான்கு மாதம் நின்றது. 32 பிள்ளைகள் வந்த திடலுக்கு இப்போது வருபவர் 11 பேர். "நம் பிள்ளைகளுக்குக் கம்பு எதற்கு? அது சண்டைக்காரர் வேலை" என்று சில பெரியோர்கள் வருந்திக் கூறினர். அவர்கள்மேல் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. குற்றம் கம்பினுடையதன்று, சிறுவனுடையதுமன்று, எங்களுடையது.

என்ன குற்றம்? குழந்தைக்கு உரிய பயிற்சி வேறு. பெரியவர்க்கு உரிய பயிற்சி வேறு. இதைத் தொழிலாகக் கொள்வோர்க்கு உரிய பயிற்சி வேறு. இம்மூன்றையும் ஒரே திடலில், ஒரே நேரத்தில், ஒரே கம்பால் நடத்தினோம். அதுவே குற்றம். அந்த மாலை கற்பித்த பாடத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலில் நாம் நிற்கும் மண்ணை எண்ணிப் பாருங்கள். எருத்தேன்பதி மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிட்ட கணவாயின் வாயில். ஆடிக் காற்று இங்கே தென்னையை வளைத்துவிட்டுத்தான் கொங்கு நாட்டுக்குள் நுழைகிறது. ஒரு புறம் பொள்ளாச்சி, மறுபுறம் சித்தூர். இக்கணவாய் வழியே வணிகரும் வந்தனர், படைகளும் வந்தன. சித்தூர்ப் பகவதி கோயிலில் ஆண்டுதோறும் கும்ப மாதத்தில் நடைபெறும் கொங்கன்படைத் திருவிழா, கொங்கு நாட்டிலிருந்து வந்த படையை அம்மன் வென்றதாகக் கூறும் பழங்கதையை இன்றும் நடித்துக் காட்டுகிறது. அன்று போரிட்ட இரு திறத்தாரின் வழிவந்தோரும் இன்று ஒரே சந்தையில் காய் வாங்குகின்றனர். ஒரே பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கின்றனர். போர் விழாவாகியது, படைக்கலம் பயிற்சியாகியது. இது நாகரிகத்தின் வெற்றியன்றோ?

இம்மண்ணில் இரண்டு கலைகள் சந்திக்கின்றன. கிழக்கிலிருந்து சிலம்பம் வந்தது. மேற்கில் களரிப்பயிற்று வாழ்கிறது. மதுரைப் பக்கத்தார் சிலம்பம் கற்பிப்பவரை 'வாத்தியார்' என்பர். குமரி மாவட்டத்தார் 'ஆசான்' என்பர். வடகேரளத்தார் களரி கற்பிப்பவரைக் 'குருக்கள்' என்பர். பெயர்கள் மாறினும் உறவு மறையவில்லை. களரியில் மூன்று சாண் அளவுள்ள சிறுகோலுக்கு 'முச்சாண்' என்றே பெயர். 'மெய்த்தாரி' என்னும் உடற்பயிற்சி, 'கோல்தாரி' என்னும் கோற்பயிற்சி, 'அங்கத்தாரி' என்னும் படைக்கலப் பயிற்சி, 'வெறுங்கை' என நான்கு படிகளாக அக்கலை அமைந்துள்ளது. மெய், கோல், வெறுங்கை ஆகிய சொற்களுக்கு நம் பிள்ளைகள் அகராதி தேட வேண்டுமோ? ஆகவே களரியைப் பகையாகவோ மாற்றான் பொருளாகவோ நாம் கருதுவதில்லை. ஒரு தாயின் இரு மக்கள் இரு வீட்டில் வளர்ந்தாற்போல அவை வளர்ந்துள்ளன.

நம் சித்தூர் வட்டத்து வடவன்னூர் உங்களுக்குத் தெரியும். எம்.ஜி.ஆர். அவர்களின் அன்னை சத்தியபாமா வாழ்ந்த ஊர் அது. 1917-ஆம் ஆண்டு கண்டியில் பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்து, தமிழக முதலமைச்சராக உயர்ந்த அப்பெருமகனார் சிலம்பம் அறிந்தவர். 1963-இல் வெளிவந்த 'பெரிய இடத்துப் பெண்' படத்தில் அவர் சுழற்றிய கம்பைக் கண்டு எத்தனையோ சிற்றூர் இளைஞர்கள் வேலியில் மூங்கில் வெட்டினார்கள். மலையாள மண்ணின் மகன் ஒருவர் கையில் தமிழர் கம்பு அழகு பெற்றது. எல்லையோரத்தில் வாழும் நமக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இனி, இக்கலைகள் எவ்வாறு பிழைத்தன என்பதைச் சிறிது காண்போம். 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் எழுந்த தென்னாட்டுப் பாளையக்காரர் கிளர்ச்சியையும் ஒடுக்கிய ஆங்கிலேயர், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கையின் வழியே படைக்கலம் வைத்திருப்பதைத் தடை செய்தனர். பழசி அரசர் 1805-இல் மாண்ட பின்னர் மலபாரிலும் படைக்கலம் தாங்கும் வழக்கம் ஒடுங்கியது. வாளும் வேலும் பறிபோயின. கம்பு மட்டும் நின்றது. ஏனெனில் கம்பு உழவனுடையது, மாடு மேய்ப்பவனுடையது, வழிநடப்பவனுடையது. உழவன் கையில் இருக்கும் கோலைப் படைக்கலம் என்று எவர் பறிப்பார்? அது கோயில் விழாக்களிலும் பொங்கல் நாட்களிலும் ஆடப்பட்டு உயிர்பிழைத்தது. தோட்ட வேலைக்குக் கப்பலேறிய தமிழர்களோடு மலாயாவுக்கும் சென்றது.

களரியின் கதையும் இத்தகையதே. கோட்டக்கல் கணாரன் குருக்கள் என்னும் பெரியவர், வழக்கொழிந்து வந்த பயிற்சிகளைப் பல ஆசான்களிடம் கற்றுத் தொகுத்தார். அவருடைய மாணவர் சி. வி. நாராயணன் நாயர் அதனைப் பொதுமேடைக்குக் கொணர்ந்தார். அவர்தம் மரபினர் 1956-இல் திருவனந்தபுரத்தில் நிறுவிய சி.வி.என். களரி இன்றும் நடைபெற்று வருகிறது. வடகரையைச் சேர்ந்த மீனாட்சியம்மா, பேரப்பிள்ளைகள் உள்ள வயதிலும் வாளேந்திக் கற்பித்து, 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆக, ஒரு கலை பழம்பெருமையால் மட்டும் வாழ்வதில்லை. கற்பிப்பவர் ஒருவர் இருப்பதால் வாழ்கிறது.

பிற நாட்டார் செய்ததையும் நோக்குவோம். சப்பானில் கானோ சிகோரோ என்னும் கல்வியாளர், பழைய மற்போர் முறைகளிலிருந்த கொடிய பிடிகளை நீக்கி, மாணவர்க்குரிய ஒழுங்கான பயிற்சியாக 1882-இல் சூடோவை அமைத்தார். ஒகினாவாத் தீவில் இதோசு அங்கோ என்பவர் 1901-ஆம் ஆண்டளவில் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார்; சிறுவர்க்கென்றே எளிய பயிற்சி வரிசைகளை வகுத்தார். சூடோ 1964-இல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. இன்று நம் நகரங்களில் பிள்ளைகள் கட்டும் மஞ்சள் வாரும் பச்சை வாரும் அந்தப் படிமுறையின் விளைவே. ஒரு தீவின் கலை உலகக் கலையானதற்குக் காரணம் அதன் அடியின் வலிமை மட்டுமன்று. குழந்தைக்கு எது, வளர்ந்தவர்க்கு எது என்று பகுத்த அறிவே காரணம். பக்கத்து நகரத்துக் கராத்தே வகுப்பைக் குறை கூறுவதைவிட, அவர்களிடமிருந்து இப்பகுப்பைக் கற்பதே நமக்கு நன்று.

அவ்வாறு நாங்கள் வகுத்துக்கொண்ட முறையை இப்போது கூறுகின்றோம்.

முதலாவது, குழந்தைகள். சிலம்பத்தின் முதற்பாடம் கம்பு அன்று, காலடி. நிற்பது, முன்வைப்பது, பின்வாங்குவது, திரும்புவது ஆகிய இவற்றைப் பழகாத பிள்ளையிடம் கம்பைக் கொடுப்பது, நீந்தத் தெரியாதவனைப் பரிசலில் ஏற்றித் துடுப்பைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். ஆதலின் புதிதாய் வரும் பிள்ளைகள் முதல் மூன்று மாதம் வெறுங்கையோடு காலடி மட்டுமே பழகுவர். பிறகு அவரவர் உயரத்துக்கேற்ற மெல்லிய பிரம்பு. இரு கைகளாலும் சுழற்றப் பழகுவதால் வலக்கைப் பிள்ளைக்கு இடக்கையும் விழிக்கும். பிள்ளைகளுக்குள் ஒருவரையொருவர் தொட்டாடும் போட்டி கிடையாது, தனிச்சுற்று மட்டுமே. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. பள்ளி விட்டு வந்ததும் கைபேசித் திரையின் முன் குனிந்திருக்கும் நம் செல்வங்களுக்கு அந்த 60 நிமிடம் எங்கிருந்து கிடைக்கும் என்பதைப் பெற்றோரே கூறுங்கள்.

இரண்டாவது, பெரியவர்கள். நாற்பதைக் கடந்த நம்மில் பலர், சிறுவயதில் ஊர்த் திருவிழாவில் கம்பு சுற்றியதை எண்ணி, அன்றைய வேகத்தை இன்றைய தோளில் ஏற்றிவிடுகின்றனர். சென்ற ஆண்டு விபத்துக்கு அந்த ஆர்வமும் ஒரு காரணம். பெரியவர்க்குப் பயிற்சி நலத்தின்பொருட்டே. முதலில் உடலைச் சூடேற்றல், பின் காலடி, பின் மெதுவான வீச்சு. அதே நிறுவனம் வளர்ந்தோர்க்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைப் பரிந்துரைக்கிறது. 65 வயது கடந்தோர்க்கு உடற்சமநிலைப் பயிற்சியையும் வற்புறுத்துகிறது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த தாத்தாக்களையும் பாட்டிமார்களையும் நம் காலனி கண்டிருக்கிறது. கம்பு இல்லாமலே காலடி மட்டும் பழக வரும் முதியோர்க்கும் எங்கள் திடலில் இடமுண்டு.

மூன்றாவது, தொழில்முறையாளர். காவல் பணியில் சேர்வோர் லத்தி பிடிக்கப் பழகுகின்றனர். திரைப்படச் சண்டைக் கலைஞர், உடற்கல்வி ஆசிரியர், நாடக நடிகர், நடனக் கலைஞர் ஆகியோர்க்கும் இப்பயிற்சி பிழைப்போடு இணைந்தது. சென்னையில் ந. முத்துசாமி 1977-இல் தோற்றுவித்த கூத்துப்பட்டறை தன் நடிகர்களுக்குச் சிலம்பமும் களரியும் பழக்கியது. நடனமேதை சந்திரலேகா 1985-இல் படைத்த 'அங்கிகா'வில் களரியின் அசைவுகள் ஆடல் மேடை ஏறின. விளையாட்டுத் துறையிலும் கதவு திறந்துள்ளது. 2022 சூனில் அரியானாவில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் களரிப்பயிற்று இடம்பெற்றது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இத்தகையோர்க்குத் தொட்டாடும் முறையும் கடும்பயிற்சியும் வேண்டும். தலைக்காப்பும் மார்க்காப்பும் வேண்டும். பிள்ளைகள் இல்லாத தனி நேரமும் வேண்டும்.

இவர்களுக்குச் சட்டமும் தெரிந்திருத்தல் வேண்டும். 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா தற்காப்பு உரிமையை ஒப்புக்கொள்கிறது. ஆனால் காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய எவர்க்கும் உரிமை தரவில்லை. இந்தச் சட்டத்தின் உணர்வு நம் ஆசான்கள் மரபில் முன்பே இருந்தது. குமரி நாட்டு வர்ம ஆசான்கள் அடிமுறையோடு இளக்குமுறையையும் கற்றவர்கள். அடிபட்டவனை மீட்கும் மருத்துவமும் அவர்கள் கையில் இருந்தது. தீர்க்கத் தெரியாத தீங்கைச் செய்யத் துணியாதே என்பதே அதன் கருத்து. ஓங்கிய கம்பை ஒரு விரற்கடை முன்னே நிறுத்தத் தெரிந்தவனே சிலம்பம் கற்றவன். ஓங்க எவராலும் இயலும். நிறுத்தத்தான் பயிற்சி வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். விபத்துக்குப் பின் முதலில் நின்றவர்கள் பெண்பிள்ளைகள். அச்சம் அடிபடுவது பற்றி மட்டுமன்று என்பதை நாங்கள் அறிவோம். மாலையில், திறந்த திடலில், ஆடவர் கற்பிக்கும் வகுப்புக்கு மகளை அனுப்பும் தாயின் தயக்கம் நியாயமானது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பிள்ளைகளின் பாதுகாப்பை வலியுறுத்துகிறது. அதற்கேற்ப நாமும் நடக்க வேண்டும். பெண்பிள்ளைகள் வகுப்பில் பெண் ஒருவர் கற்பிப்பவராகவோ துணையாகவோ இருப்பார். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். தனியறைப் பயிற்சி எவர்க்கும் இல்லை. கம்பு பிடித்த பெண் வம்புக்குப் போவாள் என்று அஞ்ச வேண்டா. நிமிர்ந்து நடப்பாள், அவ்வளவே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கின்றனர். அதில் தவறில்லை, வாழும் நாட்டின் மொழி வேண்டும். ஆனால் தமிழ் எழுதத் தெரியாத ஒரு சிறுமி எங்கள் திடலில் 'வலது வீச்சு, இடது வீச்சு, காலடி மாற்று, திரும்பு, நில்' என்று உரக்கச் சொல்லிக்கொண்டே சுற்றுகிறாள். பாடநூலில் இல்லாத தமிழ் அவள் தோளிலும் காலிலும் ஏறுகிறது. திடல் மூடினால் அந்தச் சொற்களும் அவளை விட்டுப் போகும். இழப்பு கம்புக்கு மட்டுமன்று என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம்.

அதே வேளையில் வெறும்பெருமை வேண்டா. உலகத்துப் போர்க்கலைகள் யாவும் நம்மிடமிருந்தே பிறந்தன என்று முழங்குவோர் உளர். அதற்கு உறுதியான சான்று இல்லை, நமக்கு அது தேவையுமில்லை. சாதிக் கூட்டத்தில் வலிமை காட்டவும், தெருச் சண்டையில் முன்நிற்கவும் கம்பு கேட்டு வருவோர்க்கு எங்கள் திடலில் இடமில்லை. பயிற்சியின் தொடக்கத்தில் மண்ணைத் தொட்டு வணங்குகிறோமே, அந்த மண் எவர் சாதியையும் கேட்பதில்லை.

எங்கள் வேண்டுகோள் மூன்றே. திடலை இன்னும் ஓராண்டு எங்களுக்கு விட்டுத் தாருங்கள். பிள்ளைகள், பெரியவர்கள், தொழில்முறையாளர் ஆகிய மூவர்க்கும் தனித்தனி நேரம் வகுத்துச் சங்கப் பலகையில் எழுதி வையுங்கள். நாள்தோறும் பெற்றோருள் ஒருவர் திடலில் மேற்பார்வையாக நில்லுங்கள். இவற்றுள் எதனையும் நாங்கள் மீறினால் அன்றே திடலைப் பூட்டுங்கள். நாங்கள் மறுசொல் சொல்லோம். சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டோம். கம்பின் நீளம் இருமடங்கு இடைவெளி இல்லாமல் இனி எவரும் சுற்றுவதில்லை. முதலுதவிப் பெட்டியும் வாங்கி வைத்துள்ளோம்.

நேற்று மாலை, புருவத்தில் தழும்புள்ள அந்தச் சிறுவன் திடலுக்கு வந்தான். அவன் அன்னையும் வந்திருந்தார். அவன் கம்பைத் தொடவில்லை. சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்று சிறிது நேரம் பார்த்தான். பிறகு எங்களுள் முதியவரிடம், "தாத்தா, நான் இங்க நின்னாப் போதுமா, இன்னும் தள்ளி நிக்கணுமா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை நாங்கள் அல்லவா அவனுக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்! அவர் மறுமொழி சொல்லாமல், அவன் கையைப் பிடித்து நிறுத்தி, தம் கம்பால் அளந்து காட்டினார்.

அந்த அன்னை இன்று இவ்வவையில் அமர்ந்திருக்கிறார். மகனை மீண்டும் அனுப்புவதா என்பது அவர் முடிவு. திடலைத் திறந்து வைப்பதா என்பது உங்கள் முடிவு. இரண்டையும் ஏற்றுக்கொள்ள நாங்கள் கடமைப்பட்டுள்ளோம். நிறுத்தக் கற்பிப்பவர்கள், நிற்கவும் அறிந்திருக்க வேண்டுமன்றோ?